இம்ப்ளான்ட் பல்லைச் சுற்றி எலும்பு கரையாமல் பார்த்துக்கொள்வது எப்படி

இம்ப்ளான்ட் என்பது தாடை எலும்பில் வேர் போலப் பதிக்கும் டைட்டானியம் திருகு; அதன் மேல் நிற்கும் பல்லுக்குச் சொத்தை வராது, கூச்சம் வராது, வலியும் பெரும்பாலும் வராது. இந்தக் கடைசி விஷயம்தான் சிக்கல். சுற்றியுள்ள எலும்பு பாதி கரைந்த பிறகும் அது ஆடாமல் நிற்கும். மீதி எலும்பு பிடித்திருக்கும் வரை கடிப்பதிலும் மெல்லுவதிலும் ஒரு குறையும் தெரியாது. ஆடத் தொடங்கும்போது காப்பாற்ற ஒன்றும் மிச்சம் இருக்காது. அதனால் வலி வரட்டும் பார்க்கலாம் என்று இருக்காமல், அளவுகளை வைத்தே இந்த எலும்பைக் காவல் காக்க வேண்டும்.

இங்கே எடுத்துக்கொள்வது மிகச் சாதாரணமாகப் போடப்படும் வகை: கீழ்த்தாடையில் முதல் கடைவாய்ப்பல் போன இடத்தில் ஒற்றை இம்ப்ளான்ட், அதன் மேல் ஒரு கேப். பல் டாக்டரின் சீட்டில் 36 அல்லது 46 என்று எழுதியிருக்கும்.

எலும்பு ஏன் கரைகிறது

டைட்டானியம் எலும்போடு நேரடியாக ஒட்டி நிற்கும் என்பதை 1950-களில் ஸ்வீடனில் பிரோனேமார்க் என்ற ஆராய்ச்சியாளர் முயல் எலும்பில் கவனித்தார். 1965-ல் மனிதர் வாயில் போட்டார். அந்த நேரடி ஒட்டுதல்தான் இம்ப்ளான்டின் பலம். ஆனால் ஈறு மட்டத்தில் நிலைமை வேறு. சொந்தப் பல்லின் வேரில் ஈறின் நார்கள் குத்திட்டு ஊன்றியிருக்கும். கிருமி கீழே இறங்க அதுவே ஒரு தடை. இம்ப்ளான்டில் நார்கள் ஊன்றுவதில்லை, சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றி நிற்பது போலச் சும்மா சுற்றி நிற்கின்றன. பல்லுக்கும் எலும்புக்கும் இடையில் இருக்கும் சவ்வும் இங்கே இல்லாததால் அந்த வழியாக வரும் ரத்த ஓட்டமும் கிடையாது. எனவே ஈறில் தொடங்கும் வீக்கம் எலும்பை எட்டுவது சொந்தப் பல்லை விட இங்கே சுலபம்.

கேப் போட்ட முதல் வருடத்தில் மேல் விளிம்பு எலும்பு கொஞ்சம் இறங்குவது இயல்பு. சுமார் 1 மி.மீ, அதிகபட்சம் 1.5 மி.மீ வரை ஏற்றுக்கொள்வார்கள். அதற்குப் பிறகு வருடத்துக்கு 0.2 மி.மீ-க்குக் குறைவாகவே இருக்க வேண்டும் என்பது 1986-லிருந்து வழக்கத்தில் இருக்கும் அளவுகோல். இன்று நல்ல பொருத்தத்தில் போட்டு ஒழுங்காகச் சுத்தம் செய்தால் முதல் வருட இறக்கம்கூட அரை மில்லிமீட்டரைத் தாண்டாமல் இருப்பது அரிதல்ல.

கால்சியம் மாத்திரை போட்டால் இந்த எலும்பு நிற்குமா என்று பலரும் கேட்பார்கள். நிற்காது. இது கிருமியால் வரும் வீக்கத்தில் கரையும் எலும்பு, சுண்ணாம்புச் சத்துக் குறைவால் அல்ல.

முதலில் கையில் இருக்க வேண்டியவை

கேப் மாட்டிய அன்றே ஒரு ஐஓபிஏ எக்ஸ்ரே (வாய்க்குள் வைத்து எடுக்கும் சின்னப் படம்) எடுக்கச் சொல்லுங்கள். பின்னால் எதை ஒப்பிட்டாலும் இதோடுதான் ஒப்பிட வேண்டும். இது இல்லாமல் நாலு வருடம் கழித்து ஒருவர் வந்தால், இறங்கியிருக்கும் 2 மி.மீ முதல் வருடத்தில் இறங்கியதா, போன மாதம் இறங்கியதா என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்த எக்ஸ்ரே ஒரு வருடம் கழித்து. ஈறு ஆறி நிலைத்த பிறகு, அதாவது கேப் போட்டு 8 முதல் 12 வாரத்துக்குள், ஈறுக்கும் இம்ப்ளான்டுக்கும் இடையில் உள்ள இடுக்கின் ஆழத்தைச் சுற்றிலும் அளந்து எழுதி வைக்க வேண்டும்.

அதோடு ஒரு சீட்டு. அதில் இம்ப்ளான்ட் கம்பெனி, மாடல், விட்டம், நீளம், லாட் எண், கேப் ஸ்குரூவால் மாட்டியதா சிமென்டால் ஒட்டியதா, ஸ்குரூவை எத்தனை நியூட்டன் சென்டிமீட்டரில் முடுக்கினார்கள் ஆகிய விவரங்கள் இருக்க வேண்டும். சென்னையில் போட்டுக்கொண்டு சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பவர்களுக்கு இது பாஸ்போர்ட் அளவுக்கு முக்கியம். ஸ்குரூ திருகும் சாவி கம்பெனிக்குக் கம்பெனி வேறு; 1.2 மி.மீ சாவியும் 1.25 மி.மீ சாவியும் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், மாற்றிப் போட்டால் ஸ்குரூ தலை வழுக்கிப் போகும். அப்புறம் கேப்பை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

எக்ஸ்ரேயை எப்படிப் படிப்பது

எல்லா எக்ஸ்ரேயும் இதற்கு உதவாது. ஓபிஜி முழுத் தாடையையும் காட்டும், ஆனால் உருவத்தைப் பெரிதாக்கிக் கோணலாகக் காட்டும். மில்லிமீட்டர் கணக்குக்கு அது ஆகாது. சிபிசிடி என்ற 3டி ஸ்கேனில் உலோகத்தைச் சுற்றி நிழல் விழுவதால், இம்ப்ளான்டை ஒட்டிய எலும்பு இருந்தும் இல்லாதது போலத் தெரியலாம். தொடர் கண்காணிப்புக்கு ஐஓபிஏதான் சரி, அதுவும் ஹோல்டரில் மாட்டி, படத்தை இம்ப்ளான்டுக்கு இணையாக வைத்து எடுத்தது. சரியாக எடுத்தார்களா என்று நீங்களே பார்க்கலாம்: இம்ப்ளான்டின் மரைகள் இரண்டு பக்கமும் கத்தி வெட்டு போலத் தனித்தனியாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் மங்கி ஒன்றோடொன்று ஏறியிருந்தால் கோணம் தவறு. அந்தப் படத்தை வைத்து எலும்பு இறங்கியது, இறங்கவில்லை என்று எதுவும் சொல்லக் கூடாது. திரும்ப எடுக்க வேண்டும்.

அளப்பதற்கு இம்ப்ளான்டின் நீளமே அளவுகோல். உதாரணமாக, நீளம் 10 மி.மீ என்று சீட்டில் இருக்கிறது, திரையில் அளந்தால் 12 மி.மீ வருகிறது. இம்ப்ளான்டின் மேல் விளிம்பிலிருந்து எலும்பு தொடும் இடம் வரை திரையில் 1.8 மி.மீ. உண்மையான அளவு 1.8-ஐ 12-ஆல் வகுத்து 10-ஆல் பெருக்கினால் வருவது, அதாவது 1.5 மி.மீ. முன்பக்கம் ஒரு எண், பின்பக்கம் ஒரு எண் எனத் தேதியோடு எழுதி வையுங்கள். அவசரத்துக்கு, எலும்புக்கு மேல் எத்தனை மரை வெளியே நிற்கிறது என்று எண்ணி எழுதினாலும் போதும்.

ஒரு எச்சரிக்கை. வருடத்துக்கு 0.2 மி.மீ என்பதை அடுத்தடுத்த இரண்டு படங்களில் தேடாதீர்கள். எடுக்கும் கோணத்தில் வரும் பிழையே அதைவிடப் பெரியது. நாலைந்து வருடப் படங்களை வரிசையாக வைத்தால்தான் போக்கு தெரியும். மாறாக, ஒரே வருடத்தில் 1 மி.மீ-க்கு மேல் குறைந்தால் அது கோணப் பிழை அல்ல என்று எடுத்துக்கொண்டு, காரணத்தைத் தேட வேண்டும். நோய் பிடித்துக்கொண்டால் எலும்பு சீராகக் கரைவதில்லை. மெதுவாகத் தொடங்கி, போகப்போக வேகம் பிடிக்கும்.

எக்ஸ்ரே பல்லுக்கு முன்னும் பின்னும் உள்ள எலும்பை மட்டுமே காட்டும். கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமும் உலோகத்தின் பின்னால் ஒளிந்துவிடும். அந்தக் குறையை ஆழம் அளக்கும் கம்பி நிரப்புகிறது. ஒரு இம்ப்ளான்டுக்கு ஆறு இடம், சுமார் 25 கிராம் எடை அழுத்தும் அளவு மெதுவான விசை. இம்ப்ளான்டைக் கம்பியால் தொடக் கூடாது, கீறிவிடும் என்று இன்னும் சில கிளினிக்குகளில் அளக்காமலே விட்டுவிடுகிறார்கள். மெதுவாக அளந்தால் ஒன்றும் ஆகாது, அளக்காமல் விடுவதுதான் ஆபத்து. எண் தனியாக ஒன்றும் சொல்லாது. தடித்த ஈறில் ஆழமாகப் போட்ட இம்ப்ளான்டில் 5 மி.மீ ஆரோக்கியமாக இருக்கலாம். போன முறை 3 இருந்த இடம் இப்போது 5 என்றால், கூடவே ரத்தமோ சீழோ வந்தால், உடனே எக்ஸ்ரே.

பழைய பதிவு எதுவும் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. 2017-ல் அமெரிக்க, ஐரோப்பிய ஈறு மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வகுத்த வரையறைப்படி, அளக்கும்போது ரத்தம் அல்லது சீழ், 6 மி.மீ அல்லது அதற்கு மேல் ஆழம், 3 மி.மீ அல்லது அதற்கு மேல் எலும்பு இறக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் எலும்பைத் தின்னும் நோய் என்று கொள்ளலாம். ரத்தம் மட்டும் வந்து, எலும்பு நகராமல் இருந்தால் அது ஈறு வீக்கம், திருப்பிவிடக்கூடிய கட்டம்.

வீட்டில் செய்ய வேண்டிய சுத்தம்

கேப் கடைவாய்ப்பல் அளவுக்கு அகலம். கீழே இருக்கும் இம்ப்ளான்ட் 4, 5 மி.மீ தடிமன்தான். ஆகவே கேப்பின் ஓரம் குடை விரித்தது போல வெளியே நீண்டு, அதன் அடியில் ஒரு ஒதுக்கம் உருவாகிறது. சாதாரண பிரஷ் அங்கே போகாது. வேப்பங்குச்சியும் போகாது.

மென்மையான பிரஷ்ஷை ஈறு ஓரத்தில் 45 டிகிரி சாய்த்து, காலை இரவு இரண்டு முறை. நாக்குப் பக்கத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். அதற்கு ஒற்றைக் கொத்து பிரஷ் ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். ஈறு ஓரத்தை ஒட்டி மெதுவாக ஓட்டினால் போதும்.

முக்கியமான கருவி இன்டர்டென்டல் பிரஷ், அதாவது பல் இடுக்கில் நுழைக்கும் சின்ன பிரஷ். கம்பியின் மேல் பிளாஸ்டிக் பூச்சு உள்ளதாகப் பாருங்கள். அளவைக் கிளினிக்கிலேயே உள்ளே விட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்: முடிகள் இரு சுவரையும் தொட்டுக்கொண்டு நுழைய வேண்டும், நடுக் கம்பி எதையும் உரசக் கூடாது, தள்ளித் திணிக்கவும் கூடாது. இம்ப்ளான்டுக்கு முன் உள்ள இடைவெளிக்கு ஒரு அளவும் பின்னால் உள்ளதற்கு வேறு அளவும் தேவைப்படுவது சகஜம். நிறத்தை நினைவில் வைக்காதீர்கள், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மில்லிமீட்டரை எழுதி வையுங்கள். கன்னப் பக்கமிருந்து கிடையாக நுழைத்து நாலைந்து முறை முன்னும் பின்னும், பிறகு முடிந்தால் நாக்குப் பக்கமிருந்து அதேபோல. கடைவாய்க்குக் கை எட்ட, பிரஷ்ஷின் கழுத்துப் பகுதியைச் சற்று வளைத்துக்கொள்ளலாம்; வாயை முழுதாகத் திறக்காமல் பாதி மூடினால் கன்னம் தளர்ந்து இடம் கிடைக்கும். தினம் ஒரு முறை, இரவில். முடி சாய்ந்ததும் மாற்றிவிடுங்கள். ஒன்று ஏறக்குறைய ஒரு வாரம் வரும்.

ஃப்ளாஸ் (பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூல்) நல்லதுதான், ஒரு நிபந்தனையோடு. எலும்பும் ஈறும் இறங்கி, இம்ப்ளான்டின் சொரசொரப்பான மரை ஏற்கெனவே வெளியே தெரிந்தால் ஃப்ளாஸ் வேண்டாம். இழை அதில் சிக்கி அறுந்து, ஈறுக்குள் தங்கி, அதுவே வீக்கத்துக்குக் காரணமாகிவிடும். அங்கே இன்டர்டென்டல் பிரஷ் மட்டும். வாட்டர் ஃப்ளாசர் இருந்தால் குறைந்த அழுத்தத்தில் தொடங்கி, நீர்த்தாரை ஈறு ஓரத்தைப் பக்கவாட்டில் அடிக்கும்படி பிடியுங்கள், ஈறுக்கும் இம்ப்ளான்டுக்கும் இடையில் உள்ள இடுக்குக்குள் நேராக இறங்கும்படி வேண்டாம். பிரஷ்ஷுக்கு அது துணை, பதில் அல்ல.

புதிதாகத் தொடங்கும்போது முதல் சில நாள் லேசாக ரத்தம் வரும். அதைப் பார்த்து நிறுத்திவிடுவதுதான் பெரும்பாலோர் செய்வது. தொடர்ந்து செய்தால் ஒன்றிரண்டு வாரத்தில் குறைய வேண்டும்; குறையாவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

உப்பும் கரியும் கலந்த பற்பொடி, செங்கல் பொடி எல்லாம் கேப்பின் பளபளப்பையும் அடியிலுள்ள உலோகத்தையும் கீறும். கீறலில் அழுக்கு ஒட்டும். ஊக்கு, ஹேர்பின் பற்றிச் சொல்லவே வேண்டாம். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் டாக்டர் சொன்னால் இரண்டு வாரம். பேஸ்ட் போட்டுத் தேய்த்து அரை மணி நேரம் கழித்துக் கொப்பளித்தால்தான் வேலை செய்யும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் பல் பழுப்பேறும், நாக்குச் சுவை மாறும்.

கேப்பில் ஒளிந்திருக்கும் காரணங்கள்

நன்றாகத் தேய்க்கும் ஒருவருக்கு ஒரே ஒரு இம்ப்ளான்டைச் சுற்றி மட்டும் வீக்கம் என்றால், கையைக் குறை சொல்வதற்கு முன் கேப்பைப் பாருங்கள்.

முதல் சந்தேகம் சிமென்ட். ஒட்டும்போது பிதுங்கிய சிமென்ட் ஈறுக்கடியில் தங்கிவிட்டால், சில மாதத்திலோ பல வருடம் கழித்தோ எலும்பைத் தின்னும். எல்லாச் சிமென்டும் எக்ஸ்ரேயில் தெரியாது. புதிதாகப் போடுபவர்கள் ஸ்குரூ வகைக் கேப் கேளுங்கள். சிமென்ட்தான் வழி என்றால், கேப்பின் விளிம்பு ஈறுக்குக் கீழே 1 மி.மீ-க்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். கேப்பின் உட்புறம் விளிம்பை ஒட்டி மெல்லிய பூச்சு மட்டுமே, கோப்பை நிறைய ஊற்றக் கூடாது.

அடுத்தது ஸ்குரூ. தளர்ந்தால் கேப் சற்றே ஆடும், அழுத்தினால் கெட்ட வாடையோடு திரவம் வரும், இடுக்கில் கிருமி குடியேறும். இம்ப்ளான்டே ஆடுகிறது என்று பயந்து வருவார்கள், பெரும்பாலும் ஸ்குரூதான். பழையதை அப்படியே முடுக்காமல் புதிய ஸ்குரூ போட்டு, கம்பெனி சொன்ன அளவில் டார்க் ரென்ச்சால் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் சாவி) முடுக்கி, பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை முடுக்க வேண்டும். பல கம்பெனிகளில் அந்த அளவு 30 முதல் 35 நியூட்டன் சென்டிமீட்டர். அடிக்கடி தளர்ந்தால் கடியில் கோளாறு.

மூன்றாவதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சொந்தப் பற்கள் வாழ்நாள் முழுவதும் மெல்ல முன்னோக்கி நகர்கின்றன, இம்ப்ளான்ட் நின்ற இடத்திலேயே நிற்கும். சில வருடத்தில் இம்ப்ளான்டுக்கும் அதன் முன் உள்ள பல்லுக்கும் இடையில் ஒரு சந்து திறக்கும். கறி நாரும் கீரையும் தினமும் அங்கே மாட்டும். முன்பு மாட்டாத இடத்தில் புதிதாக மாட்டுகிறதென்றால் இதுதான். ஃப்ளாஸ் தடையே இல்லாமல் இறங்கினால் உறுதி. கேப்பைக் கழற்றி லேபில் பக்கத்தைக் கூட்டி வாங்கலாம். ஸ்குரூ வகையாக இருந்தால் இது சின்ன வேலை.

இன்டர்டென்டல் பிரஷ் எந்தப் பக்கமிருந்தும் நுழையவே இல்லை என்றால் கேப்பின் வயிறு அளவுக்கு மீறிப் புடைத்திருக்கிறது. இம்ப்ளான்டின் நேர்க்கோட்டிலிருந்து கேப் 30 டிகிரிக்கு மேல் விரிந்து எழும்பினால் ஆபத்து கூடும். கடைந்து ஒல்லியாக்கச் சொல்லுங்கள்.

கடியைப் பொறுத்தவரை, சொந்தப் பல் சவ்வின் மேல் கொஞ்சம் அமுங்கும், இம்ப்ளான்ட் கிட்டத்தட்ட அமுங்காது. ஆகவே மெதுவாகக் கடிக்கும்போது மெல்லிய ஃபாயில் தாள் இம்ப்ளான்ட் பல்லுக்கடியில் வழுக்கி வர வேண்டும், அழுத்திக் கடித்தால் மட்டும் பிடிக்க வேண்டும். இரவில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள் நைட்கார்டு போட வேண்டும்.

உடம்பு சார்ந்தவை

சிகரெட், பீடி, வெற்றிலையோடு போடும் புகையிலை. புகைப்பவர்களின் ஈறில் ரத்தம் குறைவாகக் கசியும் என்பதால் எச்சரிக்கை மணியும் அடிக்காது. அவர்களுக்கு எக்ஸ்ரேயை நம்புவதே வழி. சர்க்கரை நோயில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) 7-க்கு அருகில் இருக்கட்டும். மற்றப் பற்களில் ஈறு நோய் வந்தவர்களுக்கு இம்ப்ளான்டிலும் வரும் வாய்ப்பு அதிகம், மற்றப் பற்களையும் சேர்த்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். இந்த மூன்று கூட்டத்தாருக்கும் 3 மாதத்துக்கு ஒரு முறை கிளீனிங். மற்றவர்களுக்கு 6 மாதம்.

எலும்பு தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட் மாத்திரை, சோலெட்ரோனிக் ஆசிட் அல்லது டெனோசுமாப் ஊசி எடுப்பவர்கள் பல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு. அதற்காக டெனோசுமாப்பைத் தானாக நிறுத்தவும் கூடாது. நிறுத்தினால் முதுகெலும்பு நொறுங்கும் அபாயம். இரண்டு டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும்.

இன்னும் போடாதவர்களுக்கு

எலும்பின் ஆயுள் பாதி போடும் அன்றே முடிவாகிறது. கன்னப் பக்கம் 2 மி.மீ எலும்பு மிஞ்ச வேண்டும், பக்கத்துப் பல்லிலிருந்து 1.5 மி.மீ, இரண்டு இம்ப்ளான்டுக்கு நடுவில் 3 மி.மீ. எலும்பு வரம்பு 8 மி.மீ அகலம் என்றால் 4 மி.மீ இம்ப்ளான்ட் போட்டால் இரு பக்கமும் 2 மி.மீ வரும், பெரிதாகப் போட்டால் பலம் என்று 5.5 போட்டால் கன்னச் சுவர் மெலிந்து கரையும். சுற்றிலும் அசையாத கெட்டி ஈறு 2 மி.மீ இருந்தால் தேய்க்கும்போது எரியாது; இல்லாவிட்டால் மேலண்ணத்திலிருந்து எடுத்து ஒட்டலாம்.

ரத்தம் வந்தால்

கிளினிக்கில் முதல் வேலை கேப்பைக் கழற்ற முடிந்தால் கழற்றுவது. டைட்டானியம் கியூரெட் (சுரண்டும் கருவி), பிளாஸ்டிக் வகை முனை போட்ட அல்ட்ராசோனிக் அதிர்வுக் கருவி, கிளைசின் அல்லது எரித்ரிட்டால் தூள் பீய்ச்சுதல் ஆகியவற்றால் சுத்தம் செய்வார்கள். சாதாரண இரும்பு முனை உலோகத்தைக் கீறும். ஆன்டிபயாடிக் மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பினால் வீக்கம் சில நாள் அடங்கி மீண்டும் வரும்.

ஈறு வீக்கம் மட்டும் என்றால் 2, 3 மாதம் கழித்து மறுபடி அளந்து பார்ப்பார்கள். சொந்தப் பல்லை விட ஆற நேரமெடுக்கும், மூன்று வாரத்தில் சரியாகவில்லையே என்று பதற வேண்டாம். எலும்பும் போயிருந்தால் 6 முதல் 12 வாரத்தில் மறு அளவு. ஆழமும் சீழும் அப்படியே இருந்தால் ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் ஆபரேஷன். எலும்புப் பள்ளம் மூன்று பக்கமும் சுவரோடு, குறைந்தது 3 மி.மீ ஆழத்தில் இருந்தால் எலும்புத் தூள் வைத்து ஓரளவு நிரப்பலாம். தட்டையாகக் கரைந்திருந்தால் தூள் நிற்காது. வெளியே தெரியும் மரைகளைச் செதுக்கி வழவழப்பாக்கி, ஈறைக் கீழே இறக்கி, பிரஷ் எட்டும்படி செய்துவிடுவார்கள். பார்க்க நீளமாகத் தெரியும், கடைவாயில் அது பெரிய குறையல்ல.

கேப்பைக் கழற்றிய பிறகும் இம்ப்ளான்டே ஆடினால் எந்தச் சிகிச்சையும் உதவாது, எடுத்துவிட வேண்டியதுதான். ஆடாவிட்டாலும் பாதிக்கு மேல் எலும்பு போய், பக்கத்துப் பல்லின் எலும்பையும் தொடும் நிலையில் எடுப்பதே மேல். எதிர்த்திசையில் திருகி எடுக்கும் கருவியால் எடுக்கச் சொல்லுங்கள். சுற்றிலும் துளையிட்டு எடுத்தால் மிச்ச எலும்பும் கூடவே போய்விடும்.